பகல் நிலாவைக் காட்டச் சொன்னார்கள்

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆரம்பத்தில் நான் அவிசாவளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீடு தெஹியோவிட்டவுக்கும் யட்டியாந்தோட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறிப்போகிற ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றாக இருந்தது. அம்மா பால் வெட்டினார். அப்பாவும் வெட்டியவர்தான், முட்டி போனதும் நின்றுவிட்டார். அண்ணனுக்கு ரப்பர் ஸ்டோரில், பாலை உறையவைத்துத் தட்டிய சீட்டுகளுக்குப் புகை போடுகிற அறையில் வேலை. எனக்குச் சிங்களம் தடங்கலில்லாமல் வரும் என்பதால் கடை முதலாளி என்னை எடுத்துக்கொண்டார். அவர் சிங்களவர். கண் பரிசோதிப்பது அவர். கண்ணாடியை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது நான்.

அந்த வருஷம் ஜூலையில், நிலாவில் மனிதன் இறங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தார்கள். ராக்கெட் கிளம்பும் படம், ஏணியில் ஒருவர் இறங்கும் படம், எங்கே இறங்கினார்கள் என்று அம்புக்குறி போட்ட நிலாப் படம். இன்னொரு படமும் இருந்தது. நிலாவில் இறங்குவதற்கு முந்தின வருஷம், இறங்காமல் நிலாவைச் சுற்றிவிட்டு மட்டும் திரும்பியவர்கள் எடுத்தது. நிலாவின் சாம்பல் தரைக்கு மேலே பூமி பாதியாக எழும்பி நிற்கும். அதில் இலங்கை எங்கே என்று ரொம்ப நேரம் தேடினேன். மேகம்தான் இருந்தது. எங்கள் பக்கம் மழை அதிகம் என்பதால் அது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

நான் அதைச் சத்தமாக வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, “அந்த நாள் எனக்கு நெனவிருக்கு” என்றார். கணக்கப்பிள்ளை வீட்டு ரேடியோவில் செய்தி வந்ததாம். காலையில் மலைக்கு வேலைக்குப் போனவர்களுக்கு ஒருவர் வாய் மூலமாக இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்ததாம்.

“அன்னைக்குப் பொழுதுசாய லயத்து ஆளுங்க எல்லாரும் வெளிய வந்து மேலயே பார்த்துக்கிட்டு நின்னோம். பாதி நெலாதான். ஒருத்தன் புள்ளி மாதிரி தெரியுதுன்னு சொன்னான். எனக்கு ஒண்ணும் தெரியல.”

“தெரியாதுங்கப்பா, அவ்வளவு தூரம்.”

“அது தெரியும். இருந்தாலும் பார்த்தோம்.”

அந்தப் பக்கத்தின் அடியில், வீட்டிலேயே தொலைநோக்கி செய்வது எப்படி என்று ஒரு கட்டத்துக்குள் எழுதியிருந்தது. வாசித்ததும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏனென்றால் அதற்கு வேண்டிய சாமான் தினமும் என் கையில் புரள்வது. பிளஸ் ஒன்று பவர் கண்ணாடியை வெயிலில் பிடித்தால் ஒரு மீட்டர் தள்ளித்தான் வெளிச்சம் புள்ளியாகச் சேரும். அது ஒரு முனைக்கு. கண் வைக்கிற முனைக்குச் சின்னதாக, நன்றாகப் பெருக்கிக் காட்டுகிற கண்ணாடி வேண்டும். இரத்தினபுரியிலிருந்து வந்த மாணிக்க வியாபாரி ஒருவர், கல் பார்க்கிற மடக்குக் கண்ணாடியின் ஆணி உடைந்துபோனதால் அதை எங்கள் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மேசை லாச்சியில் கிடந்தது. கேட்டேன். முதலாளி, “எடுத்துக்கோ, எதற்கு?” என்றார். நிலா பார்க்க என்றதும் சிரித்துவிட்டு, விளிம்பு உடைந்திருந்த பிளஸ் ஒன்று கண்ணாடி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

தண்ணீர்க் குழாய் போடுகிற பிளாஸ்டிக் பைப் ஒரு துண்டு அண்ணன் கொண்டுவந்தான். உள்ளே வெளிச்சம் பட்டுத் தெறிக்கக் கூடாது என்று எழுதியிருந்ததால் உள்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்தோம். மிஞ்சிய பெயின்டை வீணாக்காமல் அண்ணன் வெளியிலும் அடித்துவிட்டான். கண்ணாடியின் ஓரத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்து, நடுவில் பெரிய பட்டன் அளவுக்கு மட்டும் திறந்து விட்டேன். அப்படிச் செய்தால்தான் உருவத்தைச் சுற்றிலும் நிறம் கசியாமல் இருக்கும்.

முதல் தடவை பார்த்தபோது நிலாவைக் குழாய்க்குள் பிடிக்கவே பெரும்பாடாகிவிட்டது. பிடிபட்டதும் அது நடுங்கிக்கொண்டே ஓடியது. குழாயை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். பிறகு தெரிந்தது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டை ஒட்டிக் குழி குழியாக, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பக்கம் நிழல். எல்லாம் தலைகீழ். பத்திரிகைப் படத்தைக் கவிழ்த்துப் பிடித்து ஒப்பிட்டு, அவர்கள் இறங்கிய கறுத்த திட்டைக் கண்டுபிடித்தேன். அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “அம்மைத் தழும்பு மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அப்பா விலகவே மாட்டேன் என்றார்.

எங்கள் லயம் பள்ளத்தில் இருந்தது. சுற்றிலும் ரப்பர் மரம். தலைக்கு நேர் மேலே வந்தால்தான் நிலா கிடைக்கும், அப்போது கழுத்து போய்விடும். அதனால் அண்ணன் வேலை முடிந்து வந்ததும் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்து மேட்டில் இருந்த மொட்டைப் பாறைக்கு வருவான். அங்கிருந்து கீழே ரோடு, ஆறு, பாலம் எல்லாம் தெரியும். அண்ணனுக்கு நிலாவில் பெரிய ஆசை இல்லை. பொம்பளைப் பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்பதற்காக வந்தான். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பாறையில் சாய்ந்திருப்பான். நான் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வந்து பார்ப்பான்.

இப்படி ஒன்றரை வருஷத்துக்கு மேல் போனது. கொழும்பில் குண்டு வெடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பஸ்ஸை நிறுத்தி இறக்கி அடையாள அட்டை பார்ப்பது ரொம்ப அதிகமாகிவிட்டது. அந்த நேரத்தில், ஒரு தமிழ்ப் பையன் தோளில் கறுப்புக் குழாயோடு பாலத்துக்கு மேலே பாறையில் நிற்பதை ரோட்டில் போன யாரோ பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு நாள் மதியம் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்கா மூச்சு வாங்கக் கடைக்குள் ஓடிவந்தார். “ஓங்கண்ணனப் போலீஸ்ல கொண்டு போயிட்டாங்க. அந்தக் கொழாயயும் எடுத்துட்டாங்க. ஓங்கம்மாவும் அப்பாவும் ஸ்டேஷன் வாசல்ல இருக்காங்க.”

முதலாளிக்கு நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. அவருக்கும் ஓரளவு தமிழ் புரியும். கூட வருவாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மேசையில் இருந்த துணியை மடித்தார்.

“நான் வந்தால் என்னையும் கேள்வி கேட்பார்கள். எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கண்ணாடி என் கடையில்தான் கொடுத்தது என்று சொல். போன் பண்ணச் சொல். நான் இங்கேயே இருப்பேன்.”

அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. பஸ் ஏறினேன்.

அம்மாவும் அப்பாவும் காலையிலிருந்து மதில் ஓரத்தில் குந்தியிருந்தார்கள். உள்ளே போய், குழாய் என்னுடையது என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரின் அறைக்கு அனுப்பினார். இன்ஸ்பெக்டருக்கு நாற்பதைத் தொடும் வயது இருக்கும். தூங்காத கண். குழாயைப் பிரித்து, மேசையில் ஒரு துணி மேல் துண்டு துண்டாக வைத்திருந்தார்கள்.

“நங்கி, இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டார். தங்கச்சி என்று அவர் கூப்பிட்டது கொஞ்சம் தைரியம் தந்தது.

“தொலைநோக்கி சேர். நிலா பார்க்கிறதுக்கு.”

“உன்னுடையது என்றால் உன் அண்ணன் ஏன் தூக்கிக்கொண்டு போகிறான்?”

“எங்க லயத்தில் மரம் மறைக்கும் சேர். மேட்டுக்குப் போனால்தான் தெரியும். தனியாகப் போக விட மாட்டான்.”

“பாலத்தையும் ரோட்டையும் பார்க்கிறதுக்கு இல்லையா?”

“பாலத்தைப் பார்த்தால் தலைகீழாகத்தான் சேர் தெரியும்.”

அவர் நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. “சரி, நிலாவைக் காட்டு” என்றார்.

“இப்போதா சேர்?”

“இப்போதுதான்.”

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், “சேர், வெளியே வெயில் அடிக்கிறது. பௌர்ணமிப் போயாவுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதே” என்றார்.

“பகலிலும் இருக்கும் சேர்” என்றேன். “போயாவுக்கு நாலு நாள் முன்பு என்றால் இந்த நேரம் எழுந்திருக்கும். கிழக்குப் பக்கம் மரத்துக்கு மேலே வந்திருக்கும்.”

சொல்லும்போது எனக்குச் சந்தேகம் இல்லை. முற்றத்துக்கு வந்து பார்த்தேன். மேற்கே வெயில், கிழக்கே மேகம். எங்கள் பக்கத்து மழை மேகம் வந்தால் லேசில் போகாது. அன்றைக்கு மழை பிடித்தால் என் அண்ணன் எங்கே கொண்டுபோகப்படுவான் என்று யோசித்தேன். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி எங்கள் தோட்டத்திலும் பேச்சு இருந்தது.

வாசல் காவலுக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். குழாயை மறுபடி பொருத்தினேன். கண்ணாடியில் விரல் ரேகை அப்பியிருந்தது. தாவணித் தலைப்பால் துடைத்தேன். காவலுக்கு நின்றவரை விலகச் சொல்லி, மேல் மூட்டையில் ஒரு பள்ளம் செய்து குழாயை அதில் படுக்க வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். எங்கே வேலை, யார் கடை என்றெல்லாம் கேட்டார். உள்ளே போய் போன் பண்ணிவிட்டு வந்தார். முதலாளி சொன்னபடி இருந்து பதில் சொல்லியிருக்கிறார். அது எனக்கு இன்ஸ்பெக்டரின் முகத்திலிருந்து தெரிந்தது.

பிளேன்டீ வந்தது. எனக்கும் ஒரு கப் கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை. மதிலுக்கு அப்பால் அப்பா எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதற்காக மானத்தைப் பார்க்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும். அவரும் அண்ணாந்து பார்த்தார்.

மேகம் முழுதாக விலகவில்லை. குவார்ட்டர்ஸ் கூரைக்கு மேலே ஒரு இடம் மட்டும் நைந்து, உள்ளே நீலம் தெரிந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாக, முழுசாகாத நிலா. கான்ஸ்டபிள்தான் முதலில் “ஆ, ஹந்த!” என்று கத்தினார். சிங்களத்தில் நிலா.

கை நடுங்கியதால் குழாய்க்குள் அதைக் கொண்டுவர நேரம் எடுத்தது. வந்ததும் அதை அசைக்காமல் விலகினேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, “ஒரே புகையாக இருக்கிறது” என்றார். அவர் மூக்குக்கண்ணாடியோடு பார்த்திருந்தார். கழற்றச் சொன்னேன். கிட்டப் பார்வைக்காரர், கழற்றினால் கண் வைக்கிற கண்ணாடியைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். தள்ளித் தள்ளி, “இப்போ? இப்போ?” என்று கேட்டேன், கடையில் கேட்பது மாதிரி.

“ஆ” என்றார்.

நிலா நகர்ந்துவிட்டதும் என்னைப் பார்த்தார். மறுபடி பிடித்துக் கொடுத்தேன்.

“அவர்கள் இறங்கியது எது?”

“கறுப்பாகச் சில திட்டு இருக்கு சேர். நடுவுக்கு ஒரு பக்கமாகத் தள்ளி ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில்.”

“கொடி வைத்தார்களே, தெரியாதா?”

“இதில் தெரியாது சேர். பெரிய தொலைநோக்கியிலும் தெரியாதாம்.”

அவர் நிமிர்ந்தார். “நான் அப்போது பள்ளிக்கூடத்தில். பெரிய மாஸ்டர் ரேடியோவை வராந்தாவில் கொண்டுவந்து வைத்தார். இங்கிலீஷில் ஓடியது, எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லீவு கொடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம், கொடுக்கவில்லை.” இதைச் சொல்லிவிட்டுக் குழாயை ரோட்டுப் பக்கம் திருப்பினார். நானே உதவி செய்து சரிப்படுத்தினேன். பஸ் ஒன்று கூரை கீழேயும் டயர் மேலேயுமாகப் போயிருக்க வேண்டும். அடுத்துப் பார்த்த கான்ஸ்டபிள் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணனை விட்டார்கள். மேல் உதடு வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று அம்மா கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, வாங்க போவோம்” என்றான். இன்ஸ்பெக்டர் என்னிடம், “இது இங்கே இருக்கட்டும். நாட்டு நிலைமை சரியானதும் வந்து எடுத்துக்கொள்” என்றார். தலையாட்டினேன். அந்த நேரம் கையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னான். “இனி அந்த மாதிரி எதுவும் வேணாம்.” அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை, மற்ற எல்லாம் பேசினான். நிலா என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டில் வராமல் போனது. நான் கடைக்குப் போய்வந்தேன். முதலாளி அந்த மாதம் முழுக்க என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு அதுவும் பழகிப்போனது.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. இரண்டாயிரத்தில், எசல போயா அன்று, சந்திர கிரகணம் வந்தது. அண்ணி அப்போது பிள்ளைத்தாச்சி. கத்தி எடுக்காதே, வெளியே போகாதே என்று அம்மா அவரை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். கோயிலையும் முன்கூட்டியே பூட்டிவிட்டார்கள். கீழே விகாரையில் பெரஹரா ஊர்வலத்துக்கு மேளம் அடிப்பது கேட்டது. பகலெல்லாம் பெய்த மழை விட்டு, மானம் அங்கங்கே திறந்திருந்தது.

மலைக்குப் பின்னாலிருந்து நிலா வரும்போதே வெளிச்சம் இல்லாமல் வந்தது. செம்பு நிறத்தில், அழுக்காக. லயத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். போயா நிலாவை அப்படி யாரும் பார்த்ததில்லை. பெரியவர்களில் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏன் இப்படிச் செவப்பா இருக்கு?” என்றான்.

“நம்ம நெழல் விழுது, அண்ணே.”

“யாரு நெழல்?”

“பூமியோட நெழல். நீ, நானு, இந்த லயம், ரோடு, எல்லாம் நிக்கிற பூமி. சூரியன் அந்தப் பக்கம் போயிருச்சுல்ல.”

அவன் மேற்கே திரும்பிப் பார்த்தான். மறுபடி நிலாவைப் பார்த்தான். கொஞ்சம் பொறுத்து ஒரு ஓரத்தில் வெள்ளைக் கீற்று விட்டது. கீற்று பெரிதாகப் பெரிதாக, நிழலின் விளிம்பு வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தது.

“ரவுண்டாத்தான் இருக்கு” என்றான். பிறகு, நிலாவை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான். “அன்னைக்கு என்னை வச்சிருந்த ரூம்ல மேல ஒரு ஜன்னல் இருந்துச்சு. நீ அவருக்குக் காட்டுனது எல்லாம் கேட்டுச்சு. இப்போ இப்போன்னு கேட்டே. கொஞ்சங்கூட நடுங்காமப் பேசுனே.”

“நடுங்குனேண்ணே.”

“எனக்குத் தெரியல” என்றான். “நீ பேசப் பேச, விட்டுருவாங்கன்னு இருந்துச்சு.”

அந்த உதட்டைப் பற்றி அன்றும் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அண்ணி, “முடிஞ்சுதா? வெளிய வரலாமா?” என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

இரண்டு வருஷம் கழித்துச் சண்டை நிறுத்தம் வந்தபோது, ஸ்டேஷனில் இறங்கி ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். குழாயைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தேடிப் பார்க்கிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் இன்னொன்று செய்யவில்லை. கண்ணாடி எல்லாம் கையில் இருந்தது, செய்திருக்கலாம். கல்யாணம் ஆகிக் கலவானப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே மழையைத் தாண்டி மானம் பார்க்கக் கிடைப்பதே சில நாள்தான். கிடைக்கிற நாளில் வாசலில் நின்று பார்ப்பேன். பிறையின் இருட்டான பாகம் மங்கலாகத் தெரிகிறதே, அது பூமியின் வெளிச்சம் போய்ப் படுவது என்று எங்கோ வாசித்திருந்தேன். அதற்கு எந்தக் கண்ணாடியும் வேண்டாம்.

அண்ணன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். இரண்டாயிரத்து எட்டு முடிகிற சமயம், இந்தியா நிலாவுக்கு விண்கலம் அனுப்பிய வருஷம், ஒரு நாள் பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகு போன் பண்ணினான். தங்கியிருக்கிற இடத்து டிவியில் அதைப் பற்றிக் காட்டினார்களாம். கூட இருக்கிற தமிழ்நாட்டுப் பையன்கள் ஒரே சந்தோஷமாம். பேசிக்கொண்டே வந்தவன், “தங்கச்சி, வெளிய வா” என்றான்.

“ஏண்ணே?”

“பெற தெரியுதா அங்க?”

போனோடு வாசலுக்கு வந்தேன். அன்றைக்கு மழை இல்லை. மேற்கே தேயிலைச் செடிகளுக்கு மேலே பிறை இறங்கிக்கொண்டிருந்தது. “தெரியுது” என்றேன்.

“எப்படி இருக்கு? படகு மாதிரி படுத்திருக்கா?”

“ஆமா, எப்பவும் போலத்தான்.”

“இங்க சாய்ஞ்சு நிக்குது. வந்த நாள்லருந்து பார்க்குறேன். கூட இருக்கவன்கிட்ட சொன்னா, ஒனக்கு வேற வேலை இல்லையாங்குறான். நெலா ஒண்ணுதானே, எப்படி ரெண்டு மாதிரி இருக்கும்?”

“நெலா சாயல. நீதான் சாய்ஞ்சு நிக்கிற. பூமி ரவுண்டுதானே, நீ வடக்க மேல போய் நிக்கிற. அங்கருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்.”

போனில் அவனுக்குப் பின்னால் லாரி போகிற இரைச்சல் கேட்டது.

“நான் நேராத்தான் நிக்கிறேன்” என்றான்.

“நானும் நேராத்தாண்ணே நிக்கிறேன்” என்றேன்.

அவன் சிரித்தான். காசு முடியப்போகிறது, அப்பாவுக்கு முட்டி மருந்து வாங்கிக் கொடு, என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது.